வேலூர் வெயிலில் ஆக்சலாட்டல்: தொட்டியை எப்படித் தயார் செய்வது?

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆக்சலாட்டல் என்ற நீர்வாழ் பிராணி வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறாளாம். வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது, அடியில் வண்ணக்கல் போட்டு கப்பி மீன் வளர்க்கிறார்கள். அதையே இதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்பது முதல் கேள்வி. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. தொட்டியின் மேல் சின்னக் காற்றாடி ஒன்றை வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார், சரிதானா என்பது இரண்டாவது. இரண்டு அங்குலக் குட்டிக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக, மகள் அதைக் கையில் எடுத்துக் கொஞ்சலாமா?

தம்பி, முதலில் அந்தக் குட்டியை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் திரும்பி வந்தால் சரி, வராவிட்டாலும் போகட்டும். இப்போது பிப்ரவரி. நீங்கள் இன்று வேலையைத் தொடங்கினாலும், அந்தப் பிராணி உங்கள் வீட்டுக்குள் வர வேண்டிய மாதம் ஜூலை அல்லது ஆகஸ்ட்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்று மகள் முகம் சுளிப்பாள். கீழே சொல்வதை அவளையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் இதற்குப் போதும்.

கடைகளில் இதை 'நடக்கும் மீன்' என்று சொல்லி விற்கிறார்கள். மீன் இல்லை. தவளைக்குத் தூரத்து உறவான சாலமாண்டர் இனம். தலைப்பிரட்டைப் பருவத்துச் செவுள்களை உதிர்க்காமலேயே பெரிதாகி, தண்ணீரிலேயே ஆயுளைக் கழிக்கும் நீர்நில வாழ்வி. அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். நம் ஊட்டியின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆக, நீங்கள் வளர்க்க நினைப்பது ஊட்டிக் குளிரில் வாழ வேண்டிய பிராணி. வளர்க்க நினைக்கும் இடமோ, வெளியூர்க்காரர்கள் கேலியாக வெயிலூர் என்று அழைக்கும் ஊர். கத்திரி வெயிலில் 41, 42 டிகிரி நமக்குப் புதிதல்ல. ஏலகிரியில் வீடு எடுத்து வளர்த்தால்கூட மே மாதம் அதற்குப் போதாது. ஏலகிரியின் உயரம் ஊட்டியில் பாதிதான்.

ஆக்சலாட்டலுக்குத் தண்ணீர் 16 முதல் 18 டிகிரி வரை இருக்க வேண்டும். 20 வரை தாங்கும். 22-ஐத் தாண்டினால் சங்கடம் தொடங்குகிறது. 24-க்கு மேல் சில நாட்கள் நீடித்தால் சாப்பாட்டை மறுக்கும், பூஞ்சை பிடிக்கும், பிறகு போய்ச் சேரும். இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. காட்பாடி வீட்டில் என்னுடைய முதல் ஆக்சலாட்டலை ஒரு மே மாதத்தில்தான் பறிகொடுத்தேன். குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். காலையில் கிளம்பும்போது தண்ணீர் 19 டிகிரி. பகலில் தெருவுக்கே மின்சாரம் போயிருக்கிறது. இரவு ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது தெர்மாமீட்டர் 29 காட்டியது. வெள்ளை நிறப் பிராணி. ரத்தம் ஓடிச் சிவந்து நிற்கும் செவுள் இழைகள் வெளுத்துத் தொங்கின, வால் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. மூன்றாம் நாள் செவுளில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ ஒட்டியது. எட்டாம் நாள் முடிந்துபோனது. தவறு முழுக்க என்னுடையது: குளிர்விக்கும் சாதனம் இருந்தது, அது நின்றுபோனால் என்ன செய்வது என்ற யோசனை இல்லை.

எனவே கண்ணாடித் தொட்டியின் விலையைக் கேட்பதற்கு முன் குளிருக்கு வழி தேட வேண்டும். எது உதவும், எது உதவாது என்று கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கடைக்காரர் சொன்ன காற்றாடியை எடுத்துக்கொள்வோம். அது மண்பானைத் தத்துவம்தான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. ஆனால் பானைத் தண்ணீர் எவ்வளவு குளிர்கிறது? வீட்டில் பானை இருந்தால் ஒரு மே மாத மதியத்தில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். காற்றில் உள்ள ஈரப்பதம் ஒரு எல்லை வைத்திருக்கிறது. நம் ஊர்க் கோடையில் அந்த எல்லை 25 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். நாக்குக்கு அது ஜில்லென்று தெரியும். ஆக்சலாட்டலுக்கு அது காய்ச்சல். மேலும் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. ஏற்கெனவே கடினமான நம் போர்வெல் தண்ணீர் வாரத்துக்கு வாரம் இன்னும் கடினமாகும். டிசம்பர், ஜனவரியில் காற்றாடி பயன்படும். மற்றபடி அது கப்பி மீனுக்கான ஏற்பாடு.

அடுத்தது, எல்லோரும் சொல்லும் ஐஸ் பாட்டில். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 127 லிட்டர் வரும். அதில் ஒரு லிட்டர் ஐஸ் பாட்டிலைப் போட்டால், அது முழுவதும் உருகி முடிக்கும்போது தண்ணீர் முக்கால் டிகிரி குறையும். அவ்வளவுதான். அறை 40 டிகிரியிலும் தண்ணீர் 18 டிகிரியிலும் இருந்தால், கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் சுமார் 200 வாட் அளவுக்குச் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். இது என் தோராயக் கணக்கு. அதை ஈடுகட்ட மணிக்கு இரண்டு பாட்டில், நாளுக்கு நாற்பதுக்கு மேல். உங்கள் ஃபிரிட்ஜ் நாற்பது பாட்டிலை உறையவைத்துத் தருமா? தராது. அது மட்டுமல்ல, காலையில் 18, மதியம் 25, பாட்டில் போட்டதும் 21 என்று ஏறி இறங்குவது நிலையான 22 டிகிரியைவிடக் கெடுதி.

மிச்சமிருப்பவை சில்லரும் ஏசியும். சில்லர் என்பது தொட்டித் தண்ணீரை ஒரு பம்பு வழியாக வாங்கி, குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் பெட்டி. உள்ளே ஃபிரிட்ஜில் இருப்பதுபோன்ற கம்ப்ரஸர் இருக்கும். விலை குறைவு என்று கம்ப்ரஸர் இல்லாத, மின்தகட்டில் குளிர்விக்கும் சிறு சாதனங்களை வாங்கிவிடாதீர்கள். அவை அறைச் சூட்டிலிருந்து சில டிகிரி இறக்கும், இருபது டிகிரி இறக்காது. பத்தில் ஒரு குதிரைத்திறன் சில்லரின் பெட்டியில் 'நூற்றைம்பது லிட்டருக்குப் போதும்' என்று அச்சிட்டிருக்கும். அது அறை 28 டிகிரியில் இருக்கும் ஊருக்குச் சொன்னது. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் உங்கள் வீட்டுக்குக் கால் குதிரைத்திறன் வேண்டும். அல்லது தொட்டி இருக்கும் அறையில் ஏசியை 26-இல் ஓடவிட்டு, சிறிய சில்லரை வைத்துக்கொள்ளலாம். ஏசியை மட்டுமே நம்பி 18-இல் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடவிடுவது பிராணிக்குச் சரி, பணப்பைக்குச் சரியில்லை.

சில்லர் ஒரு கையால் தண்ணீரைக் குளிர்வித்து மறு கையால் அறையைச் சூடாக்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலமாரிக்குள் அடைத்துவைத்தால் தன் மூச்சுச் சூட்டைத் தானே குடித்துத் திணறி, ஓயாமல் ஓடும். ஜன்னலை ஒட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தொட்டியின் பின்புறம், இரு பக்கம், அடிப்பாகம் நான்கிலும் ஒரு அங்குலத் தெர்மாகோல் அட்டையை ஒட்டிவிட்டால் உள்ளே வரும் சூட்டில் பெரும்பங்கு குறைகிறது. நூறு, இருநூறு ரூபாய்ச் செலவில் இதைவிட லாபமான காரியம் இந்தத் தொழிலில் வேறில்லை. ஒரு சின்னத் தொல்லை: குளிர்ந்த கண்ணாடியின் முன்பக்கத்தில், ஐஸ் தண்ணீர் டம்ளரைப்போலவே, வியர்த்துக் கொட்டும். கீழே பிளைவுட் ஸ்டாண்டு என்றால் ஒரே வருடத்தில் ஊறிப் பிளந்துவிடும். இரும்பு ஸ்டாண்டும் அதன்மேல் கடப்பாக்கல் பலகையும் நல்லது. தொட்டி, தண்ணீர், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து இருநூறு கிலோவை நெருங்கும். மாடி வீடு என்பதால் அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக வையுங்கள்.

மின்கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனைவி கேட்பார். கோடையில் நாளுக்கு மூன்று முதல் ஐந்து யூனிட் வரை கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கணக்கில் அது இருநூறு, முந்நூறு யூனிட். இப்போதே நானூறை ஒட்டிச் செலவழிக்கும் வீடு என்றால் ஐந்நூறைத் தாண்டிவிடும், அங்கே கட்டண விகிதமே மாறுகிறது. இதைக் கேட்டு வீட்டில் முகங்கள் மாறினால் யோசனையை இப்போதே விட்டுவிடுவது கௌரவம். ஆக்சலாட்டல் பத்து, பதினைந்து வருடம் வாழும். உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் நீங்கள்தான் அதற்கு மண்புழு வெட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கரன்ட் போனால் என்ன செய்வது என்பது அடுத்தது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் கம்ப்ரஸரைத் தாங்காது. ஆனால் ஏர் பம்பைத் தாங்கும், அதை இன்வெர்ட்டர் இணைப்பிலேயே போடுங்கள். மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, கழுவித் தயாராக வையுங்கள். மின்சாரம் போய் அரை மணி நேரத்தில் வராவிட்டால், தொட்டித் தண்ணீர் பத்து லிட்டரை அதில் எடுத்து, பிராணியை அதற்கு மாற்றி, மூடியைச் சற்றே திறந்துவையுங்கள். பெரிய தொட்டியில் தோற்றுப்போன ஐஸ் பாட்டில் இங்கே ஜெயிக்கும். அரை லிட்டர் பாட்டில் ஒன்று மூன்று, மூன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கட்டும். அவசரத்தில் இரண்டு பாட்டிலைப் போட்டு 10 டிகிரிக்குத் தள்ளிவிடாதீர்கள். என் வீட்டு ஃப்ரீசரில் நான்கு பாட்டில்கள் எப்போதும் கிடக்கின்றன. ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்ற புகார் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

குளிருக்கு வழி கண்டாகிவிட்டது என்றால் தொட்டிக்கு வரலாம். உங்களிடம் உள்ள இரண்டடித் தொட்டியைக் கப்பிகளுக்கே விட்டுவிடுங்கள். வளர்ந்த ஆக்சலாட்டல் இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் வரும். அது நீந்துவதைவிடத் தரையில் நடப்பதே அதிகம், அதனால் உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் முக்கியம். ஒன்றுக்கு நான் மேலே சொன்ன மூன்றுக்கு ஒன்றரை அடி சரியான அளவு. கண்ணாடித் தொட்டி ஒட்டித் தருபவரிடம் உயரம் ஒன்றேகால் அடி என்று சொல்லுங்கள்; மேலே கால் அடி காலியாக இருக்கட்டும். மூடி கட்டாயம். இரவில் துள்ளி வெளியே விழுந்து, காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்த கதைகள் உண்டு.

அடியில் கல் போடாதீர்கள். உங்கள் தொட்டியில் உள்ள வண்ணக்கல்தான் இதற்கு எமன். ஆக்சலாட்டல் இரையைக் கடிப்பதில்லை, வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. பக்கத்தில் கிடக்கும் கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். வெறும் கண்ணாடித் தரை போதும், சுத்தம் செய்யவும் சுலபம். கால் வழுக்குவதுபோல் தெரிந்தால், பிராணி ஐந்தாறு அங்குலம் வளர்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மென்மணலை அரை அங்குலத்துக்குப் பரப்பலாம்.

மணல் என்றதும் கை பாலாற்றுப் பக்கம்தான் நீளும். வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பல பத்தாண்டுகள் கலந்த ஆறு அது. குரோமியமும் உப்பும் மணலில் எங்கே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தீங்கு நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது, இந்தத் தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். நாடு முழுவதற்கும் நம் ஊர் கற்றுக்கொடுத்த பாடத்தை நம் வீட்டுத் தொட்டியில் மீறலாமா? தோல் வழியாகவும் மூச்சுவிடும் பிராணி இது. தண்ணீரில் கரைந்திருப்பது அதன் உடம்புக்குள்ளும் போகும். மணல் வேண்டுமென்றால் மீன்கடையில் விற்கும் சலித்த மணலை வாங்கி, கலங்கல் நிற்கும்வரை அலசிப் போடுங்கள்.

இப்போது தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் அதுவே நல்லது. குளோரினை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். மீன்கடைகளில் விற்கும் ஆன்டி குளோரின் படிகம் பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட்தான், அது போதும். கற்றாழைச் சாறு, அயோடின் சேர்த்த 'தோல் பாதுகாப்பு' மருந்துகள் இதற்கு ஆகாது. போர்வெல் தண்ணீர் என்றால் பரிசோதனை செய்யாமல் ஊற்றாதீர்கள். ஆக்சலாட்டலுக்கு ஓரளவு கடினமான தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு 125 முதல் 250 மில்லிகிராம் வரை கடினத்தன்மை, பிஹெச் 7.4-ஐ ஒட்டி. நம் பக்கத்துப் போர்வெல்கள் பல இந்த எல்லைக்கு வெகு மேலே நிற்கின்றன. உடனே ஆர்ஓ தண்ணீரை ஊற்றிவிடலாம் என்று தோன்றும். சுத்த ஆர்ஓ தண்ணீரும் தவறு. தாது உப்பே இல்லாத தண்ணீரில் பிராணியின் உடம்பில் உள்ள உப்புச் சமநிலை குலையும். இரண்டையும் கலந்து எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். போர்வெல் தண்ணீரிலேயே நைட்ரேட் அதிகமாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி. புதுத் தொட்டியில் கண்ணாடிபோலத் தண்ணீர் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், பிராணியை விட்டால் பத்து நாளில் செவுள் கருகும். அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேற வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாலில் உறை விழுந்து தயிராவதைப்போல, அவசரப்படுத்தினால் நடக்காது, சூட்டில் சீக்கிரம் நடக்கும். நம் வெயில் உதவும் ஒரே இடம் இதுதான். இந்தப் பாக்டீரியாக்களுக்கு 25 முதல் 30 டிகிரிதான் கொண்டாட்டம். எனவே தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, சில்லரை அணைத்தே வையுங்கள். மார்ச் மாத வேலூர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பாக்டீரியாவுக்கு இரை நீங்கள்தான் போட வேண்டும். ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம்தான் அம்மோனியம் குளோரைடு. ஆனால் அந்த நாட்டு நவச்சாரத்தைப் போடாமல் ஆய்வகத் தரத்தில் சுத்தமானதை வாங்குங்கள். 127 லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் அம்மோனியா லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவில் நிற்கும். துளித்துளியாக விட்டு நிறம் பார்க்கும் சோதனை மருந்துப் பெட்டி ஒன்று வாங்குங்கள். காகிதப் பட்டையில் துல்லியம் குறைவு. முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். இதை நோட்டில் தினம் குறித்து வைக்கும் வேலையை மகளிடம் ஒப்படையுங்கள். உங்கள் கப்பித் தொட்டிக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது: அந்த மீன்கள் நோயில்லாமல் இருந்தால், அதன் ஃபில்டர் ஸ்பாஞ்சை இந்தத் தொட்டிக்குள் பிழிந்துவிடுங்கள். உறைமோர் ஊற்றியதுபோல வேலை சுருங்கும்.

இரண்டு மில்லிகிராம் அம்மோனியாவைப் போட்டு, இருபத்துநான்கு மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார் என்பார்கள். நமக்குப் பாதிதான் தயார். இப்போது சில்லரைப் போட்டு, நாளுக்கு இரண்டு டிகிரியாக 18 வரை இறக்குங்கள். குளிரில் பாக்டீரியாவும் சோம்பும். 18 டிகிரியில் மறுபடி அதே சோதனையைச் செய்து பாருங்கள். முதல் முறை பெரும்பாலும் தேறாது, இன்னும் ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். சூட்டில் தேறிய தொட்டியை நம்பிப் பிராணியை விட்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பிறகு ஏப்ரல், மே முழுக்க அந்தத் தொட்டி பிராணி இல்லாமலேயே ஓட வேண்டும். அம்மோனியாவை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை துளி போட்டுக்கொண்டிருங்கள். காலை ஆறு, மதியம் மூன்று, இரவு பத்து மணி வெப்பநிலையைக் குறியுங்கள். கத்திரி முடிகிறவரை தண்ணீர் 20-ஐத் தாண்டவில்லை, வீட்டில் யாரும் மின்கட்டண ரசீதைக் காட்டிச் சண்டை போடவில்லை என்றால், நீங்கள் ஆக்சலாட்டல் வளர்க்கலாம். தாண்டியிருந்தால் ஒரு உயிரும் போகாமல் பாடம் கிடைத்தது. அந்தத் தொட்டியில் பனையேறிக் கெண்டையோ நம் ஊர்க் கெளுத்தியோ சந்தோஷமாக இருக்கும், சில்லரை விற்றுவிடலாம்.

உள்ளே வைக்கும் பொருட்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். இமை இல்லாத பிராணி, வெளிச்சம் பிடிக்காது, விளக்கு அவசியமில்லை. நான்கு அங்குல பிவிசி குழாயை ஓரடி நீளத்துக்கு அறுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் அதற்கு அரண்மனை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் குறைந்த வெளிச்சத்திலும் குளிரிலும் தாங்கும் செடிகள். நீரோட்டம் மட்டும் கவனம். ஏரிக் கால்வாயின் தேங்கிய தண்ணீரில் பிறந்த இனம் இது. சில்லர் பம்பின் வேகம் நேராக அதன் முகத்தில் அடித்தால் செவுள்களை முன்பக்கம் மடித்துக்கொண்டு ஒடுங்கும். திரும்பி வரும் குழாயில் வரிசையாகத் துளையிட்டுச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். இங்கே ஒரு வேலூர்ப் பொறி இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் இருந்து மே மாத மதியத்தில் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதை அப்படியே ஊற்றினால் ஒரு வார உழைப்பு ஒரு வாளியில் போய்விடும். முதல் நாள் இரவே வாளிகளில் பிடித்து, குளோரின் நீக்கி, வீட்டுக்குள் வைத்து, விடியற்காலையில் ஐஸ் பாட்டிலைப் போட்டு 18-க்கு இறக்கிய பிறகு ஊற்றுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கடைக்காரர் சொல்லியிருக்கமாட்டார். சோச்சிமில்கோவில் சதுர கிலோமீட்டருக்கு 1998-இல் சுமார் 6,000 என்று கணக்கிடப்பட்ட ஆக்சலாட்டல்கள் 2014-இல் 36 ஆகச் சுருங்கின. மெக்சிகோ தன் ஐம்பது பெசோ நோட்டில் படம் போட்டுக் கொண்டாடும் பிராணி, காட்டில் அழிவின் கடைசிப் படியில் நிற்கிறது. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பட்டியல்களைத் தன் நான்காம் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரி விதிகளின்படி இத்தகைய பிராணியை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், முட்டை பொரித்துக் குட்டிகள் வந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரரிடம் காகிதம் கேளுங்கள். 'சார், மீனுக்கெல்லாம் யார் சார் காகிதம் கேட்கிறார்கள்' என்றால் வேறு இடம் பாருங்கள். பிற்பாடு வளர்க்க முடியவில்லை என்று கோட்டை அகழியிலோ ஏரியிலோ விடுவதும் கூடவே கூடாது. நம் வெயிலில் அதற்கும் நல்லதல்ல, அதன் நோய்கள் நம் தவளைகளுக்கும் நல்லதல்ல.

வாங்கும்போது இரண்டு அங்குலக் குட்டி வேண்டாம். அந்த வயதில் தினமும் உயிருள்ள சிற்றிரை வேண்டும், ஒரு நாள் சூடு ஏறினாலும் தாங்காது. ஐந்து அங்குலத்துக்கு மேல், செவுள் இழை அடர்த்தியாக, தலை அகலமும் வயிற்று அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். கடையிலேயே ஒரு புழுவைப் போடச் சொல்லி, அது தின்பதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். ஒன்று போதும், அதற்குத் தனிமை வருத்தமில்லை. கப்பிகளைத் துணைக்கு விடாதீர்கள்; பகலில் அவை இதன் செவுளைக் கொத்தும், இரவில் இது அவற்றை விழுங்கும்.

உணவு மண்புழு. அதைவிட நல்லது எதுவுமில்லை. ஆனால் மண்புழு உரக் கூடத்தில் கேட்டு வாங்கும்போது எந்த இனம் என்று கேளுங்கள். கோடு போட்ட சிவப்புப் புழுவைத் தொந்தரவு செய்தால் கசப்பான மஞ்சள் நீரைக் கக்கும், ஆக்சலாட்டல் அதை வாயில் வாங்கிய வேகத்தில் துப்பிவிடும். பெரிதாக, ஊதா மினுமினுப்போடு இருக்கும் ஆப்பிரிக்கப் புழுதான் தேவை. இரண்டும் நம் உரக் கூடங்களில் கிடைக்கின்றன. பூச்சிமருந்து அடித்த வயல் புழு வேண்டாம். வளர்ந்த பிராணிக்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை போதும். மிஞ்சியதை அன்றே எடுத்துவிடுங்கள்.

கொண்டுவந்த அன்று பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் பிராணியை மட்டும் மாற்றுங்கள்; பைத் தண்ணீர் சாக்கடைக்கு. அன்று சாப்பாடு வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

மகளின் கடைசிக் கேள்வி பாக்கி. கையில் எடுத்துக் கொஞ்ச முடியாது. அதன் தோலின் மேல் ஒரு வழவழப்பான படலம் இருக்கிறது, நோயைத் தடுக்கும் கவசம் அது. நம் உள்ளங்கையின் உப்பும் சூடும் அதைக் கெடுக்கும். 37 டிகிரி உடம்பின் கை 18 டிகிரி உடம்பைத் தொடுவதை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நீண்ட இடுக்கியில் ஒரு துண்டுப் புழுவைப் பிடித்து, மூக்குக்கு முன்னால் மெல்ல ஆட்டினால், சில நொடிகள் அசையாமல் பார்த்துவிட்டு, டப்பென்று ஒரே உறிஞ்சில் இழுத்துக்கொள்ளும். ஒரு மாதம் அதே நேரத்தில் ஊட்டினால், இடுக்கி வருவதற்கு முன்பே அவள் நிழலைப் பார்த்துக் கண்ணாடியோரம் நடந்து வந்து நிற்கும்.